பன்னிரண்டு புள்ளியில் ஒரு முகம்

பாளையங்கோட்டை
12 நவம்பர் 2025, புதன்கிழமை

இன்றைக்கு எனக்கு எழுபத்தேழு வயதும் மூன்று மாதமும் ஒன்பது நாளும் நிறைகின்றன. இதை முதல் வரியிலேயே எழுதுவதற்குக் காரணம் உண்டு. படித்து முடித்ததும் அம்மாவுக்கு நினைவு தடுமாறுகிறது என்று நீ தீர்மானித்துவிடக் கூடாது. நாள், கிழமை, வயது மூன்றும் தெளிவாகத் தெரிந்தவள் எழுதியது இது.

அன்புள்ள மகள் பிருந்தாவுக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை உலகம்மாளும் உயிரோடும், ஒருவர்மேல் ஒருவர் தீராத குறையோடும் இருக்கிறோம். ஹாலிஃபாக்ஸில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சுகமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன், இல்லையென்றாலும் நீ சொல்லப் போவதில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் செந்தண்ணீர் போகிறது, குழாயிலும் அதே நிறத்தில் வருகிறது, ஆகவே ஆற்றுக்குப் போய் வேடிக்கை பார்க்கவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. என் கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். பக்கத்தில் இருப்பதும் ஆடுகிறது. போனில் சொல்லாமல் தாளில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்பாய். உன் அத்தைக்குக் கண் மங்கிவிட்டது, முழங்கால் போய்விட்டது, காது மட்டும் பழுதில்லாமல் இருக்கிறது. நான் மாடியில் நின்று மெதுவாகப் பேசினாலும் அடுக்களையிலிருந்து விடை வருகிறது. இந்தக் கடிதத்தில் உள்ளது அவள் காதில் விழக்கூடாது. வீடியோ அழைப்பிலோ உன் முகம் பாதிச் சொல்லில் உறைந்து வாயைத் திறந்தபடி நின்றுவிடுகிறது. அப்படி நிற்கிற முகத்திடம் நான் எதையும் சொல்லத் தயாராக இல்லை.

நீ ஆவணி மாதம் அனுப்பிய மானிட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுவேன், பொறுத்துக்கொள். நோக்கம், கருவி, செய்முறை, முடிவு என்று வரிசையாக எழுதவைத்தே பௌதிக ஆய்வகத்தில் ஒரு தலைமுறைப் பெண்களை வாட்டியவள் நான், வேறு விதமாக எழுத எனக்கு வராது. நோக்கம் இது. உன் அப்பா ஞானசம்பந்தன் மஞ்சள் காமாலையில் இறந்தபோது நீ பிறந்திருக்கவில்லை. வீட்டில் அவருக்கு இரண்டே படங்கள். கல்யாணக் கூட்டப் படத்தில் மாலையைச் சரிசெய்யக் குனிந்திருக்கிறார். பொதுப்பணித்துறை அடையாள அட்டைப் படத்தில் அலுவலக முத்திரை பாதி முகத்தின்மேல் விழுந்திருக்கிறது. இறப்பதற்கு முந்தைய வருடம் அவர் மணிமுத்தாறு அணையில் வேலையாக இருந்தார். அப்போது பாபநாசம் படித்துறையில் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியது, வேடிக்கை பார்க்கப் போனவர்களையும் படியில் இறங்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து தங்கையிடம், "ஏட்டி உலகு, நானும் எறங்கிருக்கேன், கேட்டியா? இனி நானும் சினிமாக்காரன்தான்" என்று சொன்னார். அந்தப் படத்தில் கதாநாயகி அழுதுகொண்டு நிற்கும் காட்சியில் அவளுக்குப் பின்னால், தோளில் துண்டு போட்ட ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிப் படியிறங்குகிறார், கடைசிப் படியில் தலையைத் திருப்புகிறார், உடனே காட்சி மாறிவிடுகிறது. நீ நாலாம் வகுப்பில் படிக்கும்போது ஞாயிற்றுக்கிழமை மாலை அது தொலைக்காட்சியில் வந்தது. உன் அத்தை சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "எங்க அண்ணன்! எட்டி பிருந்தா, ஒங்க அப்பால்லா போறாவ!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். நீ பெட்டியின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றாய். அப்பாவா என்று என்னைக் கேட்டாய். சரியாகத் தெரியவில்லை என்றேன். அன்றைக்குப் பிறகு நீ கேட்டபோதெல்லாம் அதே விடையைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். மனிதருடைய எலும்பையும் ஈரலையும் திரையில் பார்த்து நோய் சொல்லும் வேலைக்கு நீ போனதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் காரணமோ என்று எனக்கு ஒரு ஐயம் உண்டு, நீ இல்லை என்பாய். திரை நன்றாக இருந்தால் உண்மை தெரியும் என்பது உன் தொழிலின் நம்பிக்கை. அதனால்தான் வீடியோ கேசட், சிடி, டிவிடி என்று ஒவ்வொன்றாகத் தேடிச் சலித்து, கடைசியில் எனக்கு இந்தப் பெரிய மானிட்டரை அனுப்பி, எல்லாவற்றையும் முறைப்படி அமைத்துப் பார்த்து, அப்பாவா இல்லையா என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும் என்றாய்.

வண்ணார்பேட்டையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சிவகணேஷ் வந்து மாட்டினான். நாற்பது வயது, தொப்பை, எதையும் கேட்காமலே தெரிந்துகொள்ளும் ஆள். "ஆச்சி, இது ஃபோர் கே லா. எதப் போட்டாலும் ஆளு அங்கனயே வந்து நிக்க மாதிரி இருக்கும்" என்றான். போட்டான். உன் அப்பா என்று சொல்லப்படுகிறவர் வந்து நிற்கத்தான் செய்தார், இட்லிக் கொப்பரை அகலத்துக்கு. தொலைக்காட்சிப் பிரதியின் சட்டம் அகலம் குறைந்தது, இவன் திரையை நிரப்புகிறேன் என்று இரண்டு பக்கமும் இழுத்துவிட்டிருந்தான். கதாநாயகி இரட்டை நாடியாகி நின்று அழுதாள். ஏன் இப்படி என்று கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் கருப்பா விட்டா வாங்குன ஸ்க்ரீன் வேஸ்ட்டுல்லா, ஆச்சி" என்றான். "ஒன் சட்ட தொளதொளன்னு இருந்தா அதுக்குத் தக்கன ஒடம்ப ஊதவைப்பியாலே?" என்று கேட்டேன். அவன் தன் தொப்பையைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விட்டான். விகிதத்தை நான்தான் பழையபடி வைத்தேன்.

அதன் பிறகு நிறம். கடையில் பார்க்கிறவர்களை மயக்குவதற்காக 'விவிட்' என்று ஒரு அமைப்பைத் தயாரிப்பாளர்களே வைத்து அனுப்புகிறார்கள், அதில் எல்லாரும் மஞ்சள் நீராட்டுக்குப் போய்த் திரும்பியவர்களாகத் தெரிந்தார்கள், அணைத்தேன். கூர்மை என்று இன்னொன்று, அதைக் கூட்டினால் ஒவ்வொரு உருவத்தையும் சுற்றி அரிசிமாவுக் கோடு இழுத்ததுபோல் ஒரு வெள்ளை விளிம்பு வருகிறது, அதையும் அடியோடு குறைத்தேன். பழைய ஒளிபரப்பு ஒரு படத்தை ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதியாகப் பிரித்து அனுப்பியது, அந்தப் பாதிகள் சரியாகப் பொருந்தாமல் நடக்கிறவரின் தோளில் சீப்புப் பற்கள் முளைத்திருந்தன, அதைச் சேர்த்துக் கொடுக்கும் வசதியும் படம் ஓட்டும் மென்பொருளில் இருக்கிறது, தேடிப் பிடித்துச் செய்தேன். கேபிளை மாற்றினேன். சன்னலுக்குப் போர்வை கட்டி அறையை இருட்டாக்கினேன். இத்தனையும் பிழையில்லாமல் செய்த பிறகு எனக்குக் கிடைத்தது பிழையில்லாத மங்கல். ஏன் என்று உனக்கும் தெரியும், நீ உன்னையே கேட்டுக்கொள்வதில்லை. உன்னிடமிருக்கும் மிக நல்ல பிரதியில் உள்ள ஒரு புள்ளிக்கு இந்த மானிட்டரில் இருபது புள்ளிகள் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கின்றன. பந்தியில் இருபது பேர் உட்கார்ந்திருக்க ஒரே ஒரு அப்பளம் வந்தால் உடைத்துப் பங்கிடலாம், இருபது அப்பளம் ஆகாது. படத்தை நிறுத்தி, திரும்புகிறவரின் முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்து எண்ணினேன். காதுக்குக் காது பன்னிரண்டு புள்ளி இருந்தது. பன்னிரண்டு புள்ளியில் கோலம் போடலாம், முகம் போட முடியாது.

யூடியூபில் யாரோ ஒருவர் இதே படத்தை ஃபோர் கே என்று பெயர் சூட்டி ஏற்றியிருப்பதாக நீ அனுப்பினாய். தரத்தைத் தானே தெரிவு செய்யட்டும் என்று விட்டால் நம் தெரு இணையத்தின் இலட்சணத்துக்கு அது மிகத் தாழ்ந்ததைக் கொடுத்தது. வற்புறுத்தி உச்சத்தில் வைத்தபோது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, நான் இரசம் வைத்து இறக்கிவிட்டு வந்தேன், அப்போதும் சுற்றியது. முடிவில் வந்தது நம்மிடம் இருக்கும் அதே தொலைக்காட்சிப் பிரதி, மூலையில் அந்த நிலையத்தின் சின்னம்கூட அழியவில்லை. மோரில் தண்ணீர் விட்டு அண்டாவை நிரப்பிவிட்டு அண்டாவின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். பிறகு நீ சென்னையில் படத் தயாரிப்பாளரின் மருமகனைத் தேடிப் பிடித்தாய். மூலச் சுருள் புழுங்கிய கிடங்கில் கிடந்து புளித்து, ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் குப்பைக்குப் போய்விட்டது என்று அவர் சொன்னார். நான் உன் இடத்தில் இருந்தால் அன்றைக்கே கையைக் கழுவியிருப்பேன். மூலத்தில் இருந்தது மட்டுமே எந்தத் திரையிலும் வரமுடியும், மூலம் இல்லை, மேற்கொண்டு செய்வதற்கு ஒன்றும் இல்லை. இதற்கு மேல் ஆறுதல் சொல்லும் பௌதிகம் எதையும் நான் படிக்கவுமில்லை, நடத்தவுமில்லை.

இதற்கிடையில் சரஸ்வதி பூஜை வந்தது. நான் குளித்துவிட்டு வருவதற்குள் உன் அத்தை மானிட்டருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். சட்டத்தில் வைத்திருந்தால் நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன். திரையில், தன் அண்ணன் தலை வரும் இடம் என்று அவள் கணித்த இடத்தில், நெற்றிக்குப் பொட்டாக வைத்திருந்தாள். நான் சத்தம் போட்டேன். "பொஸ்தகத்துக்கு வைக்கிய, அரிவாமணைக்கு வைக்கிய, எங்க அண்ணன் இருக்க எடத்துக்கு வைக்கக் கூடாதோ, மைனி?" என்று அவளும் சத்தம் போட்டாள். போட்டுவிட்டு, கோபத்தில், திருநீறு வைக்கும் மரவையைத் துடைக்கும் துணியாலேயே திரையை அழுத்தித் துடைத்தாள். பளபளப்பு இல்லாதிருக்க மேலே பூசியிருக்கும் பூச்சு அந்த இடத்தில் தேய்ந்து, உள்ளங்கையளவுக்கு ஒரு மினுக்கம் விழுந்துவிட்டது. அது போகாது. இப்போது எந்தப் படம் போட்டாலும் நடுவில் எங்கள் வீட்டு சன்னல் தெரிகிறது.

இந்த அழகில்தான் போன வாரம் உன் கோப்பு வந்தது. செயற்கை நுண்ணறிவால் பழைய படங்களைத் தெளிவாக்கித் தரும் ஒரு நிறுவனத்திடம் கொடுத்து அந்தக் காட்சியை மட்டும் செய்து வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். போட்டுப் பார்த்தோம். தெளிவென்றால் தெளிவு. படிக்கல்லில் பாசி தெரிகிறது, துண்டில் இழை தெரிகிறது, அவர் திரும்புகிறார், இமை மயிர் தெரிகிறது. நல்ல எடுப்பான ஆண். உன் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, "மைனி, அண்ணன் சிரிக்காவ பாருங்க. நம்மளப் பாத்துதான் சிரிக்காவ" என்று சொல்லி அழுதாள். அவளுக்குக் கண்புரை, எதிரே நான் நின்றாலே பால்காரரா என்று கேட்கிறவள். மறுநாள் காலையில் அடையாள அட்டைப் படத்தை ஆணியிலிருந்து கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாள். ஏனென்று கேட்டதற்கு, "அரமூஞ்சி இனி எதுக்கு? முழுமூஞ்சி வரப்போவுதுல்லா" என்றாள். அன்று மாலை நீ கூப்பிட்டாய். அந்த முகத்தைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், தை மாதம் வரும்போது கொண்டு வருவேன், முன்னறையில் அதைத்தான் மாட்டவேண்டும் என்றாய். பேரன் தன் தாடையும் தாத்தாவின் தாடையும் ஒன்று என்று கண்ணாடி முன் நின்று பார்த்துக்கொள்கிறான் என்றும் சொன்னாய். இப்பவாவது சொல்லும்மா, அப்பாதானே என்று கேட்டாய். நெட் சரியில்லை என்று நான் வைத்துவிட்டேன். நெட் அன்றைக்குச் சரியாகத்தான் இருந்தது.

பிறகு அந்தக் காட்சியை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். ஒரு ஃபிரேமில் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருக்கிறது, அடுத்ததில் தொங்குகிறது. தலையின் வகிடு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டுகிறது. பின்னால் துணி துவைக்கும் முதியவருக்கும் அதே மூக்கு, அதே பல்வரிசை. அந்தக் காலத்துப் பாபநாசம் படித்துறையில் இத்தனை பேருக்கு ஒழுங்கான பல் கிடையாது. அந்த இயந்திரம் கோடி முகங்களைப் பார்த்திருக்கலாம், உன் அப்பாவைப் பார்த்ததில்லை. பன்னிரண்டு புள்ளியைக் கொடுத்து முகம் கேட்டாய், அதற்குத் தெரிந்த ஒரு முகத்தை வரைந்து கொடுத்துவிட்டது. அது யாருடைய முகமும் இல்லை, பிருந்தா. உன் மருத்துவமனையில் ஒரு நிழல் மங்கலாக இருந்தால், ஊகத்தில் ஒரு கட்டியை வரையச் சொல்லி, அந்தப் படத்தைக் காட்டி நோயாளியின் வயிற்றைக் கீறச் சொல்வாயா? அங்கே செய்யமாட்டாய். உன் அப்பா விஷயத்தில் மட்டும் செய்வாய், ஏனென்றால் நாற்பத்தெட்டு வயதிலும் நீ அந்தப் பெட்டிக் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டுதான் நிற்கிறாய். பிறக்கும் முன்பே தகப்பனை இழந்தவளுக்கு அது ஒரு குற்றம் இல்லை. ஆனால் பிறக்காத ஒருவனைத் தகப்பன் என்று சுவரில் மாட்டி அதற்குத் திதியன்று மாலை போடச் சொன்னால் என்னால் ஆகாது. நான் செத்த பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்று நினைக்காதே, உன் மகன் அதற்குப் பிறகும் இருப்பான். அவன் தாடை அவனுடையது என்று அவனிடம் சொல். எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், என் தகப்பனாரிடமிருந்து, அவரைப் பார்க்கச் சகிக்காது.

சட்டம் போட்ட படத்தைக் கொண்டு வராதே. அதற்குப் பதிலாக அத்தையின் முழங்காலுக்கு நல்ல வெந்நீர்ப் பை ஒன்று கொண்டு வா, இங்கே வாங்குவதெல்லாம் ஒழுகுகிறது. அடையாள அட்டைப் படத்தை நான் மறுபடியும் ஆணியில் மாட்டிவிட்டேன், அவள் மூன்று நாளாக என்னோடு பேசவில்லை, வீடு அமைதியாக இருக்கிறது. திரையின் முன் உட்கார்ந்தபடியே சாப்பிடும் பழக்கத்தை விடு. இரும்புச் சத்து மாத்திரையை மறவாதே. அத்தை உனக்காகத் தினமும் ஒரு சிட்டிகைத் திருநீற்றைத் தனியாக எடுத்து வைக்கிறாள், அவளுடைய ஆசியை அப்படி எடுத்துக்கொள். என் ஆசி இது: கண் மங்காமல், கை நடுங்காமல், நல்ல புத்தியோடு மூவரும் நெடுநாள் வாழுங்கள்.

நீ கேட்ட ஒரு சொல்லுக்கு விடை சொல்லி முடிக்கிறேன். இதை உன் அத்தையிடம் எக்காலத்திலும் சொல்லாதே, அவளுக்கு வேறு ஒன்றும் இல்லை. அந்தப் படம் நம் ஊர்த் தியேட்டருக்கு வந்தபோது உன் அப்பா இறந்து இரண்டு மாதம் ஆகியிருக்கவில்லை, நீ வயிற்றில் இருந்தாய். என் மாமியார் என்னை வாசற்படியில் நிற்கக்கூட விடவில்லை. என்னோடு கல்லூரியில் வேதியியல் நடத்திய மேலப்பாளையத்துத் தோழி பாத்து ஒரு நாள் வந்து, டாக்டரம்மாவிடம் காட்டி அழைத்து வருகிறேன் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், தன்னுடைய வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்தி, பெண்கள் பகுதியில் கொண்டு உட்காரவைத்தாள். புதுப் பிரதி, கீறல் விழாதது, நீ இத்தனை வருடமாகத் தேடுகிற தரம் அதுதான், நான் அதைப் பார்த்திருக்கிறேன். அவர் திரும்பினார். எதிர்வீட்டு வாசலில் நிற்கிறவரைப் பார்ப்பது போல் முகம் ஆளளவில் தெரிந்தது. தடித்த இமை, அகன்ற மூக்கு, முன்பல்லில் இடைவெளி, நான் எங்குமே கண்டிராத யாரோ ஒருவர். உன் அப்பா இறங்கிய பகுதியை வெட்டி எறிந்திருப்பார்கள். ஆனால் திரும்பும் வரை அந்த முதுகு அவருடையது, அந்தத் தோள் அவருடையது, படியிறங்கும்போது துண்டை இடக்கையால் பிடித்துக்கொள்வதும் அவருடையது. தியேட்டரை விட்டுப் படத்தை எடுக்கும் வரை பாத்து டாக்டரம்மாவிடம் என்று சொல்லி என்னை அங்கே அழைத்துப் போய்க்கொண்டே இருந்தாள். அவர் கடைசிப் படிக்கு வரும்போது நான் கண்ணை மூடிக்கொள்வேன். காட்சி மாறியதும் பாத்து என் தொடையில் தட்டுவாள், அதன் பிறகு திறப்பேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஆவுடையம்மாள்